"போன தடவை போட்ட ஊசியே கொடுங்க"

மெடிக்கல் கவுண்டரில் காலி பாட்டிலை வைத்து, "மாட்டுக்குப் போன தடவை போட்ட ஊசியே ரெண்டு கொடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிப் போவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். கடைக்காரரும் தெரிந்தவர், வாங்குபவரும் தெரிந்தவர். மாடும் பல நேரம் தேறிவிடுகிறது. அதனாலேயே இதைத் தப்பு என்று சொன்னால் யாருக்கும் உறைப்பதில்லை. கால்நடை மருத்துவராக எனக்கு மாட்டைவிட அதன் பாலைப் பற்றித்தான் அதிகக் கவலை.

மடிநோயையே எடுத்துக்கொள்வோம். காலையில் கறக்க உட்கார்ந்தால் மடியில் ஒரு பக்கம் மட்டும் இறுகிச் சூடாக இருக்கும்; தொட்டால் மாடு காலை உதறும். முதல் பாலைக் கறுப்புத் துணியில் பீச்சினால் திப்பித் திப்பியாகத் தெரியும். ஆன்டிபயாடிக் ஊசி போட்டு, காம்பு வழியாக டியூப் மருந்தும் ஏற்றினால், சில நாளில் வீக்கம் வடிந்து பால் வெள்ளையாக வந்துவிடும். அன்று சாயங்காலமே கேன் சொசைட்டிக்குக் கிளம்பிவிடுகிறது.

ஆனால் மருந்து அப்போதும் பாலில் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். "கெட்ட காம்புப் பாலை மட்டும் கீழே ஊத்திட்டேன் டாக்டர், மத்த மூணும் நல்ல பால்தான்" என்பார்கள். ஊசி மருந்து ரத்தத்தின் வழியாக நான்கு காம்புக்கும் போகிறது. பாலைக் காய்ச்சினாலும் மருந்து முழுதாக அழிவதில்லை. உறை ஊற்றிய பால் சரியாகத் தோயவில்லை என்றால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்: தயிராக்கும் பாக்டீரியாவையும் அந்த மருந்து விட்டுவைப்பதில்லை. குடிப்பவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் விஷயம் தயிரோடு நிற்காது.

மருந்துகள் மற்றும் அழகுப் பொருட்கள் விதிகளின் 97ஆம் விதியில் 2012இல் ஒரு திருத்தம் வந்தது. உணவு தரும் கால்நடைகளுக்கான மருந்தின் லேபிளில், கடைசி டோஸுக்குப் பிறகு எத்தனை நாள் கழித்துப் பாலையோ முட்டையையோ இறைச்சியையோ பயன்படுத்தலாம் என்று போட்டிருக்க வேண்டும். அந்த மருந்துக்கென்று அப்படி ஒரு கணக்கு உறுதி செய்யப்படவில்லை என்றால், பாலுக்கும் முட்டைக்கும் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள். மீனுக்கு 500 டிகிரி-நாட்கள்: நாட்களின் எண்ணிக்கையைத் தண்ணீரின் வெப்பநிலையால் பெருக்கினால் 500 வர வேண்டும். அதாவது குளத்துத் தண்ணீர் சராசரியாக 25 டிகிரி இருந்தால் 20 நாள். (மீன் வளர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் தெர்மாமீட்டர் கேட்கிறார்கள்.) கணக்கு கடைசி ஊசியிலிருந்து தொடங்கும், முதல் ஊசியிலிருந்து இல்லை.

காலி பாட்டிலைக் காட்டி வாங்கும்போது மருந்து கைக்கு வந்துவிடுகிறது, இந்த நாள் கணக்கு வருவதில்லை. பொடி எழுத்து லேபிளை மாட்டுக் கொட்டகை வெளிச்சத்தில் யார் படிக்கப் போகிறார்கள்?

ஆன்டிபயாடிக்குகள் பெரும்பாலும் அதே விதிகளின் ஹெச் அட்டவணையில் வருபவை, அதாவது டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாதவை. அந்தச் சீட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதை 65ஆம் விதி சொல்கிறது: மருத்துவரின் கையெழுத்து, தேதி, மாட்டின் சொந்தக்காரர் பெயர், முகவரி, மொத்தம் எவ்வளவு மருந்து, என்ன டோஸ். திரும்பக் கொடுக்கலாம் என்று எழுதியிருந்தால் ஒழிய ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. எழுதியது இல்லையென்றால் கடைக்காரர் தானாக வேறொன்றை மாற்றிக் கொடுக்கவும் கூடாது. பாலை எத்தனை நாள் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது என்பதையும் நான் சீட்டிலேயே பெரிதாக எழுதிவிடுகிறேன். உங்கள் டாக்டர் எழுதவில்லையா, கேட்டு எழுதி வாங்குங்கள். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை.

பால் சுரக்கவென்று ஆக்ஸிடோசின் ஊசி கேட்டு வருபவர்களுக்கு நான் எழுதுவதில்லை. மாட்டின் உடம்பைக் கெடுக்கும்படி ஊசி போட்டுப் பால் பெருக்குவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். தண்டனை போக, மாடே அரசுக்குப் போய்விடும்.

சில மருந்துகளைச் சீட்டு எழுதியும் கொடுக்க முடியாது. கோலிஸ்டின், மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் உதவும் ஆன்டிபயாடிக். கோழிப் பண்ணை உட்பட உணவு தரும் விலங்குகளுக்கு 2019இல் தடை செய்யப்பட்டது. வலி மருந்தான டைக்லோஃபெனாக் கால்நடைக்கு 2006 முதல் கூடாது. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக அழிந்ததுதான் காரணம். தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015இல் அதையும் ஒரு டோஸ் அளவுக்குச் சுருக்கினார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வேறு இரண்டு வலி மருந்துகளும் கால்நடைக்குத் தடை; நிமெசுலைடும் பின்னால் சேர்ந்தது. மெலாக்ஸிகாம் என்ற வலி மருந்து கழுகுகளுக்கு ஆபத்தில்லாதது என்பதால் நான் அதைத்தான் எழுதுகிறேன். "அந்த பழைய ஊசிதான் டாக்டர் சுருக்குன்னு கேட்கும்" என்று இன்றும் சொல்கிறார்கள்தான். மாயாறு பள்ளத்தாக்கில், முதுமலை, சத்தியமங்கலம் காட்டோரம் மாடு மேய்ப்பவர்களிடம் இதை நான் வாதாட வேண்டியதே இல்லை; முன்பு வானத்தில் எத்தனை கழுகு வட்டமிட்டது என்று வயதானவர்களே சொல்வார்கள்.

வீட்டுப் பிராணி வளர்ப்பவர்களுக்கு ஒரே விஷயம்: பூனைக்குக் காய்ச்சல் என்று அரைப் பாராசிட்டமால் மாத்திரை கொடுக்காதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு. அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும். தெரியாமல் கொடுத்துவிட்டால் ஈறு நிறம் மாறட்டும் என்று காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.