எல் ஆல்ட்டோ போகும் பிரதர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், முக்கியமாக அவர்களை அனுப்புகிறவர்களுக்கும்

மறுபடியும் அதே போன். காலை ஏழரைக்கு வாட்ஸ்அப்பில் பொலிவியா எண், லா பாஸை ஒட்டிய மலைநகரமான எல் ஆல்ட்டோவிலிருந்து. அங்கே இரவு பத்து மணி. "டாக்டர், புது பிரதருக்கு ரெண்டு நாளா தலைவலி, வாந்தி. ஊர் ஞாபகம்னு விட்டுட்டோம். இப்ப நடந்தா தள்ளாடுறார்."

அவ்வளவு உயரத்துக்குப் புதிதாகப் போனவருக்குத் தள்ளாட்டம் என்றால், ஆக்ஸிஜன் குறைவால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். நல்லவேளை, அன்றிரவே ஆக்ஸிஜன் கொடுத்து, மருத்துவமனையில் சேர்த்து, காப்பாற்றிவிட்டார்கள்.

வெளிநாட்டு மறைப்பணிக்குப் போகும் இளம் துறவிகளுக்கு உடல் பரிசோதனை செய்து சான்றிதழ் தருவது என் வேலையில் ஒரு பகுதி. பொலிவியா என்றாலே இப்போது வயிற்றைக் கலக்குகிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். எல் ஆல்ட்டோ விமான நிலையம் 4,060 மீட்டருக்குப் பக்கம். ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன், சென்னையில் கிடைப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம். அங்கே இறங்கிய அன்றே வரவேற்புத் திருப்பலி, விருந்து, மாலையில் பங்கு இளைஞர்களோடு கால்பந்து!

"இருபத்தாறு வயசுதான் டாக்டர், தினமும் ஓடுறேன், எனக்கெல்லாம் வராது." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. தம்பி, உடம்பு வலுவாக இருப்பது வேறு, உயரத்துக்குப் பழகுவது வேறு. பழக்கம் வரச் சில நாட்கள் பிடிக்கும். அதை ஓட்டமும் தண்டாலும் குறைத்துவிடாது. வயதும் காப்பாற்றாது. சொல்லப்போனால் வலுவானவருக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். முதல் நாளே பெட்டிகளை மாடிக்குத் தூக்குவது அவர்தான். கால்பந்து பிரியர்களுக்கு இன்னொன்று: 2009 ஏப்ரலில், மெஸ்ஸி ஆடிய, மரடோனா பயிற்சியளித்த அர்ஜென்டினா அணி லா பாஸில் 6-1 என்று தோற்றது. உயரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெஸ்ஸியைவிட உங்களுக்கு நுரையீரல் வலுவா?

முதுகில் மூட்டையோடு மேட்டில் விறுவிறுவென்று ஏறும் ஐமாரா பழங்குடிப் பாட்டியைப் பார்த்து வெட்கப்படவும் வேண்டாம். அவருடைய முன்னோர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த உயரத்தில் வாழ்ந்தவர்கள். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபினே கூடுதல்.

இதைவிடப் பெரிய சிக்கல் மௌனம். ஸ்பானிஷ் இன்னும் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் எல்லோரும் கலகலவென்று பேச, புதியவர் எதற்கும் சிரித்துத் தலையாட்டுகிறார். குமட்டிக்கொண்டு வரும்போதே தட்டில் இரண்டாவது கரண்டி சூப் விழுகிறது. வேண்டாம் என்றால் மரியாதையில்லையே என்று அதையும் விழுங்குகிறார். தூக்கம் இல்லை, பசி இல்லை, முகம் வாடிக் கிடக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது அசல் ஊர் ஏக்கம். ஊர் ஏக்கமும் இருக்கும்தான், யாருக்கு இல்லை? ஆனால் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் தலைவலி என்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை அது உயரத்தின் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அவரை ஜெபிக்கச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். அவர் ஏற்கெனவே ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறார்.

துறவற சபைகளின் மாநிலத் தலைவர்களே, டிக்கெட் எடுக்கும்போதே பாதி நோயைத் தடுக்கலாம். முதலில் சாந்தா குரூஸ், சுமார் 400 மீட்டர். அடுத்து கொச்சபாம்பா, 2,560 மீட்டர். மறைப்பணியாளர்கள் மொழி படிக்கக் காலங்காலமாகப் போகும் ஊர் அது. அமெரிக்க மறைப்பணிச் சபையான மேரிநோல் சபையார் அங்கே மொழிப்பள்ளியே நடத்தியிருக்கிறார்கள். சில வாரம் அங்கே படிக்கட்டும், நாக்கும் பழகும், நுரையீரலும் பழகும். அதற்கப்புறம் எல் ஆல்ட்டோ. போன முதல் இரண்டு நாள் ஓய்வு, வரவேற்பு விழா எல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது.

நேராக மேலே போயே ஆகவேண்டும் என்றால் அசெட்டசோலமைடு மாத்திரை இருக்கிறது. மருந்துக்கடையில் "கண்ணுக்கா சார்?" என்று கேட்பார்கள், குழம்ப வேண்டாம், கண் அழுத்தத்துக்கும் இதே மாத்திரைதான். விரல் நுனி சுறுசுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். அலர்ஜி என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர்கள் உண்டு. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். கோகா டீ கொடுத்தால் மரியாதைக்குக் குடியுங்கள், அது மருந்து அல்ல. இலையை நினைவுப்பொருளாக ஊருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள், நம் நாட்டில் அது போதைப்பொருள் வழக்கு.

தள்ளாட்டம், பேச்சுக் குழறல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நுரையோடு இருமல்: இதில் ஒன்று வந்தாலும் உடனே ஆக்ஸிஜன், மருத்துவமனை. எனக்குப் போன் செய்வதெல்லாம் அப்புறம். "கீழே இறங்கினால் போதும்" என்று எங்கோ படித்துவிட்டு நீங்களாகவே தாழ்வான பகுதியில் இருக்கும் கொரோய்கோ ஊர்ப் பக்கம் ஜீப்பைக் கிளப்பாதீர்கள். அந்தச் சாலை இறங்குவதற்கு முன் லா கும்ப்ரே கணவாயில் 4,600 மீட்டருக்கு மேல் ஏறும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாளாவது முன்பு போடுங்கள், சான்றிதழ் அதற்குப் பிறகுதான் செல்லும். அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமைப்படுத்தும் இடத்துக்குத்தான்.

சமையல் பொறுப்பு விழும் சிஸ்டர்களுக்கு ஒன்று: அந்த உயரத்தில் தண்ணீர் 87 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பைத் திறந்த பாத்திரத்தில் வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள், குக்கர் வேண்டும்.