மென்டர்: வழிகாட்டியா, வழித்துணையா?

ஐடி கம்பெனியில் புதிதாகச் சேர்ந்தவருக்கும் மென்டர் உண்டு, ஸ்டார்ட்அப் தொடங்குபவருக்கும் உண்டு. இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறொருவரை: போலீஸ், கோர்ட் என்று போய்வந்த பதின்வயதுப் பிள்ளைக்குத் துணையாக அமர்த்தப்படும் மென்டர். இவருக்குத் தமிழில் என்ன சொல்வது?

மென்டர் என்பது முதலில் ஓர் ஆளின் பெயர். ஹோமரின் ஒடிசி காவியத்தில், டிராய்ப் போருக்குப் புறப்பட்ட ஒடிசியஸ் தன் வீட்டுப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போன நண்பர். பார்க்கப்போனால் அந்த மனிதர் பெரிதாக எதுவும் செய்வதில்லை. மகன் டெலமக்கஸுக்குத் தெம்பூட்டி, கப்பலுக்கு ஏற்பாடு செய்து, கூடவே பயணமும் போவது அவர் உருவில் வந்த அதீனா தெய்வம்தான். உழைப்பு அதீனாவுடையது, பெயர் மென்டருக்கு! 1699-இல் வெளியான ஃபெனெலோனின் பிரெஞ்சுக் கதையில் மென்டர் முழுநேரப் போதகராகவே ஆகிவிடுகிறார். அந்த நூல் ஐரோப்பா முழுக்கப் பரவிய பிறகுதான் ஆட்பெயர் பொதுப்பெயராக நிலைத்தது.

1904-இல் நியூயார்க் சிறார் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்த எர்னஸ்ட் கோல்டர், அங்கே வரும் பையன்களில் ஆளுக்கொருவனுக்கு நண்பராக இருக்க ஊர்ப் பெரியவர்களை அழைத்தார். ‘பிக் பிரதர்ஸ்’ இயக்கம் அப்படித்தான் பிறந்தது. அதாவது, அண்ணன்.

சரி, தமிழுக்கு வருவோம். எல்லோரும் எழுதுவது ‘வழிகாட்டி’. தவறில்லை, ஆனால் பரீட்சை நோட்ஸும் வழிகாட்டி, சாலையோரப் பலகையும் வழிகாட்டி. இரண்டும் நம்மோடு வருவதில்லை. ‘நன்னடத்தை அலுவலர்’ வேறு ஆள். பையனைக் கண்காணித்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை கொடுப்பது அவர் வேலை. மென்டரோ விசாரணை நாளன்று காலையிலேயே கதவைத் தட்டி, பையனோடு பஸ் ஏறி, அவன் பெயரைக் கூப்பிடும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்.

‘ஆற்றுப்படுத்துநர்’ என்பது அருமையான சொல். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வரும் பாணனிடம் ‘இப்படிப் போ’ என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. “பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ” என்கிறது தொல்காப்பியம். நியூயார்க்கின் ‘ஆர்ச்சஸ்’ திட்டம் ஏறக்குறைய இதையேதான் செய்கிறது: நன்னடத்தைக் கண்காணிப்பில் உள்ள 16 முதல் 24 வயதினருக்கு, அதே தெருக்களில் அடிபட்டு, சிறை வரை போய் மீண்டவர்களையே மென்டராக்குகிறது. 2018-இல் வந்த மதிப்பாய்வின்படி, திட்டத்தில் சேர்ந்த இளையோர் ஓராண்டுக்குள் பெருங்குற்றத்துக்காக மறுபடி தண்டனை பெறுவது, ஒத்த நிலையில் இருந்த மற்றவர்களைவிட 69 சதவீதம் குறைவு. ஆனால் ஆற்றுப்படுத்துநர் இன்று கவுன்சலரைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. அதைப் பிடுங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

என் தேர்வு ‘வழித்துணைவர்’. வழித்துணை பழகிய சொல். வேலூர் அருகே விரிஞ்சிபுரத்து ஈசனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர். மென்டரிங் புரோகிராம், ‘வழித்துணைத் திட்டம்’. மென்டி, அதாவது துணை பெறும் பிள்ளைக்குத் தனிச்சொல் தேவையில்லை. பேச்சில் தம்பி, தங்கச்சி போதும்.

அப்புறம், ‘அட் ரிஸ்க் யூத்’ என்பதை ‘ஆபத்தான இளைஞர்கள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஆபத்தில் இருப்பவனை ஆபத்தானவன் ஆக்கிவிடுகிறது அது. ‘தடம் மாறக்கூடிய சூழலில் உள்ள இளையோர்’ என்று கொஞ்சம் நீட்டி எழுதினால் குடிமுழுகிப் போகாது. ‘இளங்குற்றவாளி’யையும் விட்டுவிடலாம், 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’ என்றுதான்.