தசையை இறுக்கும் மருந்து கண் அழுத்தத்தைக் குறைப்பது எப்படி?

'பைலோகார்பின் சொட்டு மருந்து கண்ணுக்குள் தசையைச் சுருங்கவைக்கிறது என்கிறார்கள். சுருங்கினால் அழுத்தம் ஏறத்தானே வேண்டும்? கண் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் கிளாக்கோமாவுக்கு ஏன் கொடுக்கிறார்கள்?' என்று கேட்கிறார் ஒரு வாசகர். நியாயமான சந்தேகம்தான்.

உடலை ஓய்வு நிலைக்குக் கொண்டுவரும் பாராசிம்பதெட்டிக் நரம்புகளின் முனைகள் அசிட்டைல்கோலின் என்ற சேதிப்பொருளை விடுவிக்கின்றன. அது செல்களின் மேலுள்ள மஸ்கரினிக் ஏற்பிகளில் போய் அமர்கிறது. இந்த ஏற்பிகளில் ஐந்து வகை உண்டு. இதயத்தில் உள்ள எம்2 தூண்டப்பட்டால் பொட்டாசியம் வாயில்கள் திறந்து துடிப்பு மந்தமாகும். சுரப்பிகளிலும் மென்தசைகளிலும் உள்ள எம்3 தூண்டப்பட்டால் செல்லுக்குள் கால்சியம் உயரும். சுரப்பி சுரக்கும், தசை சுருங்கும். பிரேசிலின் ஜாபொராண்டி செடி இலையிலிருந்து 1875இல் பிரித்தெடுக்கப்பட்ட பைலோகார்பினும் இதே இடத்தில்தான் அமர்கிறது. அசிட்டைல்கோலினை நொடியில் சிதைக்கும் கோலினெஸ்டரேஸ் நொதியால் இதைச் சிதைக்க முடியாது. அதனால் ஒரு சொட்டின் வேலை மணிக்கணக்கில் நீடிக்கிறது.

இனி கண். ஐரிஸுக்குப் பின்னால் உள்ள சிலியரி உறுப்பு நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர் நீரைச் சுரக்கிறது. அது கண்பாவை வழியே முன்னால் வந்து, ஐரிஸும் (கண்பாவையைச் சுற்றிய நிறத்திரை) கார்னியாவும் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலம்) சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடைத் திசுவில் வடிந்து, ஷ்லெம் கால்வாய் வழியே ரத்தத்தில் சேர்கிறது. அழுத்தம் வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் இருக்கும். சல்லடை அடைத்துக்கொண்டால் அது ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கிறது.

பைலோகார்பின் சுருங்கவைப்பது சிலியரி உறுப்பில் உள்ள சிலியரி தசையை. அதன் நீள்வாட்டு இழைகள் முன்பக்கம் எங்கே கட்டப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள்: சல்லடைக்குச் சற்றுப் பின்னால் வெண்படலத்தில் உள்ள ஒரு சிறு மேட்டில். சில நாண்கள் சல்லடைக்குள்ளேயே நுழைகின்றன. தசை சுருங்கும்போது அந்த மேடு பின்னோக்கி இழுபடுகிறது. பிழிந்து ஒட்டிக்கிடக்கும் வேட்டியை முனை பிடித்து இழுத்தால் மடிப்புகள் பிரிவதுபோல் சல்லடையின் அடுக்குகள் விலகுகின்றன, வடிகால் திறக்கிறது. ஆக, தசை கண்ணைப் பிழியவில்லை, கதவை இழுத்துத் திறக்கிறது. 1976இல் காஃப்மன், பாராணி என்ற ஆய்வாளர்கள் குரங்குகளின் கண்ணில் இந்தத் தசையை அந்த மேட்டிலிருந்து கழற்றிவிட்டார்கள். அதன்பின் பைலோகார்பின் கொடுத்தும் வடிகால் திறக்கவில்லை. இவ்வளவு சுத்தமான நிரூபணம் மருந்தியலில் அபூர்வம். உடனடிப் பயன் என்ன என்று கேட்டே நிதி கொடுப்பவர்கள் இத்தகைய ஆய்வுகளை ஒருமுறை படிக்கலாம்.

சுவாரசியம் இன்னும் இருக்கிறது. தசைக்கட்டுகளின் இடுக்குகளிலும் கொஞ்சம் நீர் கசிந்து வெளியேறும். சுருங்கும்போது அந்த வழி குறுகுகிறது. கிளாக்கோமாவுக்கான இன்னொரு மருந்தான லட்டானோபிரோஸ்ட் சொட்டு விரிப்பது அந்த வழியைத்தான். பைலோகார்பினில் லாபம் நஷ்டத்தைவிடப் பெரிது, அவ்வளவே.

அதே தசை லென்ஸையும் உப்பவைப்பதால் தூரப்பார்வை மங்கும், புருவம் வலிக்கும், இளையவர்களுக்கு அதிகம். கண்பாவை ஊசித்துளையாகச் சுருங்குவதால் இரவில் வண்டி ஓட்டுவது சிரமம். அந்த ஊசித்துளையே வெள்ளெழுத்துக்கு உதவும் என்பதால் 1.25% சொட்டுக்கு அமெரிக்கா 2021இல் அனுமதி தந்தது.

கோணம் திடீரென மூடி அழுத்தம் 50ஐத் தாண்டியவருக்கு இதை மட்டும் ஊற்றிப் பயனில்லை. கண்பாவையைச் சுருக்கி ஐரிஸைக் கோணத்திலிருந்து விலக்க வேண்டிய ஐரிஸ் தசை, அந்த அழுத்தத்தில் ரத்த ஓட்டம் குறைந்து மருந்துக்கு அசையாது. முதலில் அசிட்டசோலமைடு போன்றவற்றால் அழுத்தத்தை இறக்க வேண்டும். அவசரத்தில் திரும்பத் திரும்ப விட்டால், மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கு இறங்கி ரத்தத்தில் கலக்கும். 2% மருந்தில் 50 மைக்ரோலிட்டர் சொட்டு ஒன்றில் 1 மில்லிகிராம் உண்டு. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப்பின் வாய் உலர்ந்தவர்களுக்கு எச்சில் ஊறக் கொடுக்கும் மாத்திரையே 5 மில்லிகிராம்தான். வியர்வை, எச்சில், வயிற்றுப்பிடிப்பு, மந்தமான நாடி, ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சிரைப்பு எல்லாம் வரலாம். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர முனையை 2 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் இடைவெளி விடுங்கள்.

இதுவும் மூலிகைதானே என்று நந்தியாவட்டைச் சாற்றைக் கண்ணில் பிழிபவர்களுக்கு ஒரு வார்த்தை: ஜாபொராண்டி இலையை யாரும் கண்ணில் பிழிவதில்லை. அளவும் கிருமிநீக்கமும் செய்த பின்பே அது மருந்து. ஊமத்தைச் சாறு கைபட்டுக் கண்ணில் போனால் நேர் எதிர்: அதிலுள்ள அட்ரோபின் வகைப் பொருள்கள் இதே ஏற்பிகளை அடைத்துக் கண்பாவையை விரிக்கும். குறுகிய கோணம் உள்ளவர்களுக்கு அதுவே கோணம் மூடக் காரணமாகலாம்.