ப்ரூம் விதி: எல்லை தாண்டிப் போகும் டிஎன்ஏ எண்கள்

ஒருவன் ஜன்னல் கண்ணாடியை உடைத்து வீட்டுக்குள் நுழைந்து திருடுகிறான். கண்ணாடி விளிம்பில் அவன் கை கிழிந்து ஒரு சொட்டு ரத்தம் ஒட்டிக்கொள்கிறது. அந்த நாட்டுப் போலீஸ் தங்கள் டிஎன்ஏ தரவுத்தளத்தில் தேடுகிறார்கள், யாரும் சிக்கவில்லை. அவனோ பக்கத்து நாட்டில் ஏற்கெனவே இரண்டு தடவை பிடிபட்டு, வாயில் பஞ்சுக்குச்சி விட்டு மாதிரி கொடுத்தவன். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் எல்லையைக் கடக்க பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டக்கூட வேண்டியதில்லை. திருடன் சுலபமாகக் கடந்த அந்தக் கோட்டைப் போலீஸ் தகவலால் மட்டும் பல காலம் கடக்க முடியவில்லை.

இதைச் சரிசெய்ய வந்ததுதான் ப்ரூம் ஏற்பாடு. ஜெர்மனியில் ப்ரூம் என்று ஒரு சிற்றூர். 2005 மே 27 அன்று அங்கே பெல்ஜியம், ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ், லக்சம்பர்க், நெதர்லாந்து, ஆஸ்திரியா ஆகிய 7 நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. டிஎன்ஏ, கைரேகை, வாகனப் பதிவு ஆகியவற்றை ஒருவர் தரவுத்தளத்தில் மற்றவர் தானியங்கியாகத் தேடிக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். 2006 டிசம்பரில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் டிஎன்ஏ தேடலை முதலில் தொடங்கின. 2008 ஜூனில் இதன் முக்கியமான பகுதிகள் ஐரோப்பிய ஒன்றியச் சட்டமாகவே ஆகிவிட்டன. ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிரிட்டன்கூட இதை மட்டும் விட மனமில்லாமல், பிறகு செய்துகொண்ட வர்த்தக, ஒத்துழைப்பு ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டது.

எல்லை தாண்டிப் போவது என்ன?

'டிஎன்ஏவைப் பகிர்கிறார்கள்' என்று கேட்டதும், நம் உடம்பின் மொத்த ரகசியமும் வெளிநாட்டுக்குப் போகிறது என்று பலர் பதறுகிறார்கள். உண்மையில் போவது ஒரு வரி எண்கள். இதை ஆய்வகத்தில் ப்ரொஃபைல் என்பார்கள். கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

டிஹெச்01: 6, 9.3
டி21எஸ்11: 29, 31.2
எஃப்ஜிஏ: 21, 24

இடப்பக்கம் இருப்பது டிஎன்ஏவில் ஒரு குறிப்பிட்ட இடத்தின் பெயர். அங்கே ஒரு சின்னத் துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்பதுதான் வலப்பக்க எண். அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்பதால் ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள். 9.3 என்றால் நான்கெழுத்துத் துண்டு ஒன்பது முறை முழுதாகவும், கூடவே மூன்றெழுத்துக் குறைத்துண்டு ஒன்றும் இருக்கிறது என்று பொருள். இந்த எண்களைப் பார்த்து ஒருவரின் முகத்தையோ குணத்தையோ சொல்லிவிட முடியாது. புரத உற்பத்திக்குக் குறியீடு தராத பகுதிகளிலிருந்து மட்டுமே இவற்றை எடுக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது.

எல்லா நாடுகளும் ஒரே இடங்களை அளந்தால்தானே ஒப்பிட முடியும்? அதற்காக ஐரோப்பா முதலில் 7 இடங்களைப் பொதுவாக வைத்திருந்தது. 2009இல் அது 12 ஆனது. ஆனால் 'பொருத்தம்' என்று கணினி சொல்ல 6 இடங்கள் ஒத்துப்போனாலே போதும். இந்த 6 கொஞ்சம் வில்லங்கமான எண். கீழே பார்ப்போம்.

தேடல் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதல் கட்டத்தில் ப்ரொஃபைலோடு ஒரு குறிப்பு எண் மட்டும் போகும். பெயர், பிறந்த தேதி, முகவரி எதுவும் போகாது. எதிர்ப்பக்கத் தரவுத்தளம் 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று தானாகவே பதில் சொல்லும். இல்லையென்றால் அனுப்பிய எண்களை உடனே அழித்துவிட வேண்டும். இருக்கிறது என்றால் இரண்டாம் கட்டம்: 'அந்தக் குறிப்பு எண்ணுக்கு உரியவர் யார்?' என்று முறைப்படி எழுதிக் கேட்பது. முதல் கட்டம் நிமிடக் கணக்கில் முடிந்தாலும், இந்த இரண்டாம் கட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் கோப்பு மாதக்கணக்கில் மேசை மேலேயே கிடந்ததுண்டு. திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

அதை அடைக்க வந்தது 2024 மார்ச்சில் நிறைவேறி, ஏப்ரலில் அமலுக்கு வந்த புதிய ஒழுங்குமுறை. பேச்சுவழக்கில் ப்ரூம் 2. பொருத்தம் வந்து, பயிற்சி பெற்ற ஓர் ஆள் அதைச் சரிபார்த்து உறுதி செய்தபின், பெயர் முதலான அடிப்படை விவரங்கள் 48 மணி நேரத்துக்குள் போக வேண்டும். நீதிமன்ற அனுமதி தேவைப்படும் நாடுகளுக்கு விலக்கு உண்டு. முகப்படங்களும் போலீஸ் பதிவுகளும் புதிதாகச் சேர்கின்றன. காணாமல் போனவர்களையும் அடையாளம் தெரியாத உடல்களையும் தேட இதைப் பயன்படுத்தலாம். இதுவரை ஒவ்வொரு நாடும் மற்ற ஒவ்வொன்றோடும் தனித்தனியாக இணைப்புப் போட வேண்டியிருந்தது. 27 நாடுகளுக்குக் கணக்குப் போட்டால் 351 இணைப்புகள். இனி நடுவில் ஒரு ரவுட்டர் இருக்கும். அது கேள்வியை வாங்கி அனுப்பும், பதிலைத் திருப்பித் தரும், எதையும் தன்னிடம் சேமித்து வைக்காது. சட்டம் வந்த அன்றே எல்லாம் மாறிவிடாது. ரவுட்டர் கட்டி முடிந்து ஐரோப்பிய ஆணையம் தேதி அறிவித்த பிறகுதான்.

ஐரோப்பாவுக்கு வெளியே என்றால் இன்டர்போல். 2002 முதல் அதற்கென ஒரு டிஎன்ஏ தளம் இருக்கிறது. அங்கேயும் போவது பெயரில்லாத ப்ரொஃபைல்தான். தரவு அனுப்பிய நாட்டுக்கே சொந்தம், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். 2021இல் உறவினர்களின் டிஎன்ஏவை வைத்துக் காணாமல் போனவர்களைத் தேட 'ஐ-ஃபமிலியா' என்ற தனித் தளத்தையும் தொடங்கினார்கள்.

பொருத்தம் வந்தால் ஆள் அவன்தானா?

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. இந்தத் திட்டத்தைப் பற்றிய செய்திகள் எல்லாம் எத்தனை பொருத்தம் கிடைத்தது என்பதோடு முடிந்துவிடுகின்றன. 2015இல் பிரிட்டன் சேரலாமா வேண்டாமா என்று யோசித்தபோது, துப்பு துலங்காத வழக்குகளின் சுமார் 2,500 ப்ரொஃபைல்களை நான்கு நாடுகளுக்கு அனுப்பிச் சோதித்தது. 118 பொருத்தங்கள் வந்தன. நல்ல பலன்தான், மறுக்கவில்லை. ஆனால் பொருத்தம் என்பது விசாரணை எங்கே தொடங்கலாம் என்று சொல்லும் தகவல். அதுவே தீர்ப்பு ஆகிவிடாது.

1999இல் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். போல்டன் நகரத் திருட்டு ஒன்றில் கிடைத்த தடயம், தொலைவில் ஸ்விண்டனில் வசித்த ஒருவரோடு 6 இடங்களில் ஒத்துப்போனது. தற்செயலாக அப்படி ஒத்துப்போக 3.7 கோடியில் ஒரு வாய்ப்புத்தான் என்றார்கள். அவரோ பார்க்கின்சன் நோயாளி, பத்து மீட்டர் தூரம் நடக்கவே ஆள் துணை வேண்டும். இருந்தும் கைது செய்தார்கள். கடைசியில் 10 இடங்களைச் சோதித்த பிறகே அவர் இல்லை என்று தெரிந்தது.

3.7 கோடியில் ஒன்று என்றால் நடக்காது என்றுதானே தோன்றும்? ஒரே ஒரு சந்தேக நபரோடு ஒப்பிட்டால் அப்படித்தான். ஒரு நாடு 10,000 தடயங்களை அனுப்புகிறது, எதிர்நாட்டில் 10 லட்சம் பேரின் பதிவு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 1,000 கோடி ஒப்பீடுகள். 3.7 கோடிக்கு ஒன்று வீதம் போட்டாலும் சுமார் 270 பொருத்தங்கள் சும்மா தற்செயலாகவே வந்து நிற்கும். தரவுத்தளங்களை இணைக்க இணைக்க இந்த எண் ஏறும். அதனால்தான் 6, 7 இடங்கள் மட்டும் ஒத்துப்போனால், மிச்சமிருக்கும் மாதிரியை எடுத்துக் கூடுதல் இடங்களைச் சோதிக்க வேண்டும். பிரிட்டன் 10 இடங்களாவது ஒத்துப்போனால்தான் பெயரைத் தருவேன் என்று தனக்கொரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. புத்திசாலித்தனமான ஏற்பாடு.

எண்கள் கச்சிதமாகப் பொருந்தியும் ஏமாந்த கதை ஒன்று உண்டு. 2007இல் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் ஒரு பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று நாடுகளில் சுமார் 40 குற்ற இடங்களில் கிடைத்த அதே பெண்ணின் டிஎன்ஏ. முகமற்ற அந்தப் பெண்ணைப் பிடிக்க 3 லட்சம் யூரோ வரை பரிசு அறிவித்தார்கள். பிறகு ஓர் ஆணின் பழைய கைரேகைப் படிவத்தைச் சோதித்தபோது அதிலும் அவளே வந்தாள். அப்போதுதான் பொறி தட்டியது. 2009இல் விஷயம் வெளிவந்தது: தடயம் எடுக்கும் பஞ்சுக்குச்சிகளைத் தயாரித்த ஆலையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகளில் கிருமிகளைக் கொன்றிருந்தார்கள், டிஎன்ஏ அப்படியே இருந்தது. தடயம் எடுக்கும் பொருட்களில் இப்படி மனித டிஎன்ஏ கலக்காமல் இருக்கவென்றே 2016இல் ஐஎஸ்ஓ 18385 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது.

ஆகவே வெளிநாட்டிலிருந்து பெயர் வந்த பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. சம்பந்தப்பட்டவர் இன்னொரு நாட்டில் இருந்தால், அவரிடம் புதிதாக மாதிரி எடுத்துத் தரும்படி அந்த நாட்டைக் கேட்கலாம். விதியில் அதற்கு இடமுண்டு. நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்க, நாடுகளுக்கிடையிலான சட்ட உதவிக் கோரிக்கை தனியாகப் போக வேண்டும்.

உங்கள் பதிவு அதில் இருக்கிறதா?

யாருடைய மாதிரியை எடுப்பது, எத்தனை வருடம் வைத்திருப்பது என்பதை ப்ரூம் தீர்மானிப்பதில்லை. எடுத்த நாட்டின் சட்டம்தான் தீர்மானிக்கும். ஆனாலும் வரம்பு உண்டு. குற்றம் நிரூபிக்கப்படாதவர்களின் டிஎன்ஏவைக் கால வரையறையின்றி மொத்தமாக வைத்திருப்பது தனிப்பட்ட வாழ்க்கைக்கான உரிமையை மீறுகிறது என்று 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் போலீஸ் வைத்திருக்கும் தரவுக்கென 2016இல் வந்த தனி நெறிமுறை இருக்கிறது. அதன்படி உங்களைப் பற்றிய பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம், பார்க்கலாம், தவறைத் திருத்தவோ அழிக்கவோ சொல்லலாம். விசாரணை கெடும் என்று போலீஸ் மறுத்தால், அந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு அமைப்பு உங்கள் சார்பில் சரிபார்க்கும். விண்ணப்பத்தை உங்கள் மாதிரியை எடுத்த நாட்டுக்குத்தான் போட வேண்டும், தேடிய நாட்டுக்கு அல்ல. அங்கே அழித்துவிட்டால், அடுத்த முறை எந்த நாடு தேடினாலும் 'இல்லை' என்றுதான் பதில் போகும்.