ஹெசெத்: ‘நிபந்தனையற்ற அன்பு’ என்னும் பிழை

“ஹெசெத் என்னும் எபிரேயச் சொல்லுக்கு நிபந்தனையற்ற அன்பு என்று பொருள்” என்ற வாக்கியத்தைப் பிரசங்கங்களில் கேட்டும் வேதபாட ஏடுகளில் படித்தும் சலித்துவிட்டது. அண்மையில் ஒரு தியான ஏட்டில் 136ஆம் சங்கீதத்தின் பல்லவியையே ‘அவருடைய நிபந்தனையற்ற அன்பு என்றுமுள்ளது’ என்று மாற்றி அச்சிட்டிருந்ததைக் கண்டேன். விளக்கத்தில் இருந்த பிழை மூலத்துக்குள்ளேயே புகுந்துவிட்டதால் இனியும் பேசாமல் இருப்பது சரியன்று என்று தோன்றியது.

முதலில் சொல்லின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஹெசெத் எபிரேய வேதத்தில் ஏறத்தாழ 250 இடங்களில் வருகிறது; அவற்றில் பாதியளவு சங்கீதங்களில் உள்ளன. 136ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் இந்தச் சொல்லைக் கொண்ட பல்லவியோடுதான் முடிகின்றன. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் பெரும்பாலும் ‘எலெயோஸ்’, அதாவது இரக்கம், என்று பெயர்த்தார்கள். இலத்தீனிலும் அப்படியே ‘மிசெரிகோர்தியா’ ஆயிற்று. 1535இல் ஆங்கிலத்தில் வேதத்தை அச்சிட்ட கவர்டேல், இருக்கும் சொற்கள் போதாமல் அன்பையும் கனிவையும் ஒட்டிப் புதுச்சொல் ஒன்றையே ஆக்கினார். தமிழில், 1871இல் ஹென்றி பவர் என்பவர் தலைமையில் நிறைவுற்ற வேதத் திருப்புதல் (மொழிபெயர்ப்பு) இதனை இடத்துக்கு இடம் மாற்றியது. சங்கீதத்தில் அது ‘கிருபை’. யாத்திராகமம் 34:6இல் ‘மகா தயை’. ஓசியா 6:6இல் ‘இரக்கம்’. ரூத்தின் கதையில் ஓரிடத்தில் ‘தயை’, இன்னோரிடத்தில் ‘நற்குணம்’. மூலத்தில் ஒரே சொல் என்பதைத் தமிழ் வாசகர் அறிய வழியே இல்லாமல் போயிற்று.

இதற்கு நேர்மாறான குழப்பமும் உண்டு. புதிய ஏற்பாட்டின் ‘காரிஸ்’ என்னும் கிரேக்கச் சொல் மகிழ்ச்சியைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. கொடை, நன்றி ஆகிய பொருள்களையும் தாங்குவது. அதுவும் தமிழில் ‘கிருபை’ ஆயிற்று. ஆகவே ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்பதும், எபேசியர் 2:8இல் வரும் ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்பதும் ஒரே பொருளைச் சொல்வதாக நாம் பழகிவிட்டோம். கிருபை என்பது வடமொழிக் ‘கிருபா’. துன்புறுவோரைக் கண்டு இளகும் மனம் என்பது அதன் அடிப்பொருள். அது இரண்டுக்குமே ஓரளவு பொருந்தும், இரண்டுக்குமே முழுமையாகப் பொருந்தாது. கத்தோலிக்கரின் பழைய வழக்கில் காரிஸுக்குப் ‘பிரியதத்தம்’ என்றும் ‘இஷ்டப்பிரசாதம்’ என்றும் சொற்கள் இருந்தன. வடமொழிக் கட்டானாலும் ‘பிரியத்தோடு தரப்பட்டது’ என்று கொடைப்பொருளைத் தெளிவாகவே சொன்ன அந்த முதற்சொல் வழக்கொழிந்ததில் எனக்குச் சிறிது வருத்தம் உண்டு.

இப்போது ‘நிபந்தனையற்ற அன்பு’க்கு வருவோம். இது எபிரேயத்திலிருந்து தமிழுக்கு வந்ததன்று. ஆங்கிலத்தில் உளவியல் பேச்சிலும் குழந்தை வளர்ப்பு அறிவுரைகளிலும் பழகிய ஒரு தொடர் பிரசங்க மேடைக்கு ஏறி, அங்கிருந்து சொல்லுக்குச் சொல் தமிழாக்கப்பட்டது. பிறமொழிவழி வந்தது என்பதற்காக மட்டும் ஒரு சொல்லைத் தள்ளுபவன் நான் அல்லன். அது பொருளைத் தலைகீழாக்குகிறது என்பதே என் வழக்கு. நிபந்தனை என்னும் சொல்லின் வேர் ‘பந்த்’, அதாவது கட்டுதல். எனவே நிபந்தனையற்ற அன்பு என்றால், வேரளவில், கட்டில்லாத அன்பு. ஹெசெத்தோ தன்னைத் தானே கட்டிக்கொண்ட அன்பு. ஏசாயா 54:10ஐப் பாருங்கள்: மலைகள் விலகினாலும் ‘என் கிருபை உன்னைவிட்டு விலகாமலும், என் சமாதானத்தின் உடன்படிக்கை நிலைபெயராமலும் இருக்கும்’. ஹெசெத்தும் உடன்படிக்கையும் இரட்டைக் கிளவிபோல் சேர்ந்தே நடக்கின்றன. 89ஆம் சங்கீதத்தின் 28ஆம் வசனத்திலும் உபாகமம் 7:9இலும் இதே இணையைக் காணலாம். உடன்படிக்கையை ஒதுக்கிவிட்டு ஹெசெத்துக்குப் பொருள் சொல்வது, தாலியை ஒதுக்கிவிட்டுத் திருமணத்தை விளக்குவது போன்றது.

இந்த இடத்தில் ஒருவர், “மனிதருடைய தகுதியை எதிர்பார்க்கவில்லை என்பதைத்தானே நிபந்தனையற்ற என்கிறோம்?” என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தத் தொடர் சொல்வது அவ்வளவோடு நிற்கவில்லை. இன்றைய காதில் அது, எதையும் கேட்காத, எதற்கும் கோபிக்காத, எப்படியிருந்தாலும் அப்படியே ஏற்றுக்கொள்ளும் ஓர் இணக்கமாக விழுகிறது. அதே 89ஆம் சங்கீதமோ, பிள்ளைகள் வழி தவறினால் மிலாற்றினால் (பிரம்பினால்) தண்டிப்பேன் என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே ‘ஆனாலும் என் கிருபையை அவனைவிட்டு விலக்காமலும்’ இருப்பேன் என்கிறது. அடிக்கவும் செய்கிறது, அகலவும் மறுக்கிறது. இதில் பெறுபவருக்கு வேண்டுகோள்கள் உண்டு. கொடுப்பவர் விலகிக்கொள்வதற்கு வாசல்தான் இல்லை. சட்டத் தாளிலிருந்து எடுத்த ஓர் எதிர்மறைச் சொல்லால் இதைச் சொல்ல முடியாது. ஓர் அன்பு எதுவாக இல்லை என்பதைச் சொல்வதோடு அந்தத் தொடர் நின்றுவிடுகிறது. அது எதுவாக இருக்கிறது என்பதைச் சொல்லவே இல்லை.

இரண்டாம் சாமுவேல் 9ஆம் அதிகாரத்தில் தாவீது, தம் நண்பர் யோனத்தானின் மகனான, இரண்டு கால்களும் முடமான மேவிபோசேத்தைத் தேடி அழைத்துத் தம் பந்தியில் இருத்துகிறார். மேவிபோசேத் எதுவும் செய்யவில்லை என்பதைக் காட்டி, “பார்த்தீர்களா, நிபந்தனையற்ற அன்பு” என்று முடித்துவிடுகிறார்கள். தாவீது ஏன் தேடினார்? ‘யோனத்தான் நிமித்தம்’ என்று கதையே காரணம் சொல்கிறது. முதலாம் சாமுவேல் 20இல் நண்பர் இருவரும் செய்துகொண்ட உடன்படிக்கையில், தன் வீட்டாருக்கு என்றென்றும் இந்த ஹெசெத்தைக் காட்டவேண்டும் என்று யோனத்தான் கேட்டிருந்தார். யோனத்தான் இறந்த பின்பும் அந்தச் சொல் சாகவில்லை. கட்டு இருந்ததால்தான் அந்த முடவருக்குப் பந்தியில் இடம் கிடைத்தது.

தமிழில் இதற்கு ஈடில்லை என்பவர்கள் திருக்குறளைத் திறந்து பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டும். 211ஆம் குறள் மழையைக் ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு’ என்கிறது. திரும்பப் பெறுவதை நாடாதது, ஆனால் கடப்பாடு. ஹெசெத்தை மூன்று சொல்லில் விளக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். 757ஆம் குறள் ‘அருளென்னும் அன்புஈன் குழவி’ என்கிறது. அதற்கு உரை கண்ட பரிமேலழகர், தொடர்பு பற்றிச் செல்வது அன்பு என்றும், தொடர்பு பற்றாமல் வருந்துவோர்மேல் செல்வது அருள் என்றும், அன்பு முதிர்ந்த இடத்தில் அருள் உண்டாகும் என்றும் பிரிக்கிறார். உடன்படிக்கைத் தொடர்பைப் பற்றிச் செல்லும் ஹெசெத் அன்பு. எபேசியர் 2:12 சொல்கிறபடி ‘உடன்படிக்கைகளுக்கு அந்நியராய்’ இருந்தவர்கள்மேல், எந்தத் தொடர்பும் இல்லாமல், சென்ற காரிஸ் அருள். மொழிபெயர்ப்பாளருக்கு இதைவிடக் கூரிய கருவி எங்கே கிடைக்கும்?

1995இல் வந்த திருவிவிலியம் என்னும் புதிய வேத மொழிபெயர்ப்பு இந்தப் பிரிவையே பின்பற்றியிருக்கிறது: திருப்பாடல் 136இல் ‘என்றும் உள்ளது அவரது பேரன்பு’, எபேசியரில் ‘அருளாலேயே’. பழைய திருப்புதலில் வளர்ந்த என் செவிக்கு முதலில் இது அந்நியமாகத்தான் ஒலித்தது. கிருபை, கிரியை (செயல்) என்று எதுகையோடு எதிரெதிர் நிறுத்தும் வசதி தமிழுக்குத் தற்செயலாக வாய்த்த ஒன்று. ரோமர் 11:6ஐ அந்த ஓசையோடு கேட்டுப் பழகியவர்கள் அதை இழக்க விரும்பமாட்டார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. கிருபை நூற்றாண்டுகளாக உழுது பண்பட்ட சொல். காரிஸுக்கு அதையே வைத்துக்கொள்ளட்டும். தனித்தமிழ் என்ற ஒரே அளவுகோலும் போதாது: அதே திருவிவிலியம் இரட்சிப்பை ‘மீட்பு’ ஆக்கியபோது, காப்பாற்றுதலும் விலை கொடுத்து மீட்டலும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போயின. பழைய திருப்புதல் அவற்றைப் பிரித்தே வைத்திருந்தது. என் கோபமெல்லாம், இந்த இரண்டு மரபுகளையும் புரட்டிப் பார்க்காமல், ஆங்கில விளக்கவுரையின் ஒரு வரியைப் பெயர்த்துவிட்டு ‘எபிரேய மூலத்தில்’ என்று தொடங்குகிறவர்கள்மேல்தான்.

பேரன்பும் எல்லா இடத்துக்கும் பொருந்திவிடாது. ரூத் 3:10இல் போவாஸ், ரூத் காட்டிய ஹெசெத்தைப் புகழ்கிறார். இறந்த கணவனின் குடும்பத்தை விட்டுவிடாத ஓர் ஏழைப் பெண்ணின் அந்தச் செயலைப் ‘பேரன்பு’ என்றால் மிகையாகிறது, ‘நற்குணம்’ என்றால் தேய்ந்துபோகிறது. அங்கே ‘பற்று’ என்று எழுதி வாசித்துப் பார்த்தேன். கட்டும் கனிவும் இரண்டும் அதில் ஒலிக்கின்றன. சங்கீதத்தில் அதை வைத்தால் ஓசை மெலிகிறது. எனவே கடவுளுக்குப் பேரன்பு, மனிதருக்குப் பற்று, இரண்டு இடத்திலும் மூலச்சொல் ஒன்றே என்று ஓர் அடிக்குறிப்பு என்ற ஏற்பாட்டோடு இப்போதைக்கு எழுதிவருகிறேன்.