செத்த கெர்னலிடம் வாக்குமூலம் வாங்குவது எப்படி

போன வருட மாம்பழ சீசனில், கிருஷ்ணகிரிப் பக்கம் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கூழ் ஆலையில் சர்வர் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தது. வெளியே பெங்களூரா ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன, எடை மேடையில் சீட்டு போட முடியவில்லை. திரையில் 'கெர்னல் பேனிக்' என்று சில வரிகள், அவ்வளவுதான். (கெர்னல் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி, இனி ஓட முடியாது என்று அது கைவிரிப்பதுதான் பேனிக்.) ரீபூட் செய்ததும் ஓடியது. சரி, ஏன் விழுந்தது என்று பார்க்கலாமென்று கிராஷ் டம்ப், அதாவது விழுந்த நேரத்து மெமரியின் நகல், இருக்க வேண்டிய ஃபோல்டரைத் திறந்தால் காலி. அந்த நகலை எடுக்கும் கேடம்ப் சர்வீஸ் ஓடுகிறது என்று பச்சையாகக் காட்டியதை நம்பி இரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்!

சாதாரண புரோகிராம் விழுந்தால் அதன் மெமரியைக் கெர்னல் எடுத்து எழுதி வைக்கும். கெர்னலே விழுந்தால் யார் எழுதுவது? டிஸ்க் டிரைவர், ஃபைல் சிஸ்டம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன, உடைந்தது அவற்றில் ஒன்றாகவே இருக்கலாம். வேறொரு சிபியு ஒரு பூட்டை (லாக்) பிடித்தபடியே நின்றுபோயிருந்தால், அதற்காகக் காத்திருப்பது முடிவே இல்லாத வேலை. அதனால்தான் ஃப்ரீபிஎஸ்டி என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல் சிஸ்டத்தைத் தொடாமல், ராமுக்கு உதவியாக டிஸ்க்கில் ஒதுக்கிய ஸ்வாப் பகுதியில் மெமரியை நேராகக் கொட்டிவிட்டு, அடுத்த முறை பூட் ஆகும்போது சேவ்கோர் என்ற புரோகிராமை விட்டு அதை ஃபைலாக எடுத்து வைக்கிறது. விண்டோஸும் அதே மாதிரியான பேஜ் ஃபைலில் எழுதுகிறது, டம்புக்கென்றே டிஸ்க் டிரைவரின் தனிப் பிரதியை வைத்துக்கொண்டு. இரண்டிலும் எழுதுவது சாகிற கைதான்.

லினக்ஸில் 2005-ல் 2.6.13 பதிப்போடு வந்த கேடம்ப் வேறு வழியில் போனது. தர்மபுரி ஜிஎச்சில் உயிருக்குப் போராடுகிறவரிடம் பேனாவைக் கொடுத்து எழுதச் சொல்வதில்லை, மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் எழுதிக்கொள்கிறார் இல்லையா, அதே ஏற்பாடு. பூட் ஆகும்போதே கொஞ்சம் ராமை ஒதுக்கி இரண்டாவது கெர்னல் ஒன்றை அதில் ஏற்றி வைத்துவிடுவார்கள். பேனிக் வந்ததும் மற்ற சிபியுக்களை நிறுத்திவிட்டு, மெஷினை முதலில் எழுப்பும் பயாஸ் பக்கமே போகாமல் அதற்குள் நேராகக் குதிக்கிறது. பயாஸ் வழியாகப் போனால் ராம் அழிந்துவிடக்கூடும்.

ஏன் தனியாக ஒதுக்க வேண்டும்? கெர்னல் செத்த சேதி நெட்வொர்க் கார்டுக்குத் தெரியாது, அது பாட்டுக்குப் பழைய இடங்களில் டேட்டாவை எழுதிக்கொண்டே இருக்கும். எந்தக் கார்டுக்கும் கொடுக்காத இடத்தில் இருந்தால்தான் புது கெர்னல் தப்பிக்கும். பழைய மெமரி முழுவதும் அதற்கு ஒரு ஃபைலாகத் தெரியும், மேக்டம்ப்ஃபைல் என்ற கருவி வெறும் பக்கங்களையும் கேஷையும் கழித்துச் சுருக்கி எழுதும். இல்லாவிட்டால் ராமின் 64 ஜிபியையும் எழுத வேண்டியதுதான்.

எங்கள் கதையில் ஒதுக்கியிருந்தது 128 எம்பி. டிஸ்க்குகளைக் கையாளும் ரெய்டு கார்டின் டிரைவரை ஏற்றும்போதே இடம் போதாமல் மாஜிஸ்திரேட்டும் செத்துப்போனார்.

மா பூக்கிற ஜனவரியில், ஆலை சும்மா கிடந்தபோது 256 ஆக்கிவிட்டு, வேண்டுமென்றே விழ வைத்துப் பார்த்தேன். சிஸ்ஆர்கியூ டிரிக்கர் என்ற கெர்னல் கட்டளை ஃபைலில் 'சி' எழுதினால் கெர்னல் உடனே விழும், ஆனால் அது ரொம்ப மரியாதையான சாவு. நிஜத்தில் இன்டரப்ட் (கார்டுகள் சிபியுவைக் குறுக்கிட்டு அழைப்பது) நடுவில், டிஸ்க்கில் எழுதும் பாதியில், ஸ்டாக் நிரம்பி வழிந்து என்று விதவிதமாக விழும். அதற்கென்றே கெர்னலில் எல்கேடிடிஎம் என்ற மாட்யூல் இருக்கிறது, எங்கே எப்படி விழ வேண்டும் என்று சொன்னால் விழும். டிஸ்க் பிசியாக இருந்தபோது விழ வைத்ததில் டம்ப் பாதியில் நின்றது. பாதி வேலையில் விடப்பட்ட டிஸ்க் கன்ட்ரோலரைப் புது கெர்னல் ரீசெட் செய்யவில்லை, அதைச் செய்யச் சொல்லும் பூட் ஆப்ஷனைச் சேர்த்தபின் சரியானது. பேனிக்கே வராமல் சிபியு உறைந்தால் எதுவும் நடக்காது, அதற்கு உறைந்த சிபியுவைக் கண்டுபிடிக்கும் என்எம்ஐ வாட்ச்டாக் என்ற காவலைப் போட்டு பேனிக் ஆகச் சொல்ல வேண்டும். (கரன்ட் போனால் ராமே போச்சு, அதற்கு மருந்து யுபிஎஸ்தான்.) அப்புறம், டம்பைத் திறந்தும் பார்க்கணும். எண்களுக்குப் பெயர் சொல்லும், அதே கெர்னல் பதிப்பின் டீபக் ஃபைல் கையில் இல்லாவிட்டால் அது வெறும் எண்குவியல்.

இந்த ஜூனில் மறுபடி விழுந்தது. டம்ப் வந்தது, கிராஷ் கருவியில் திறந்ததும் நெட்வொர்க் கார்டு டிரைவர் பெயர் மேலேயே நின்றது. மறுநாள் ஓசூரிலிருந்து வேறு கார்டு வாங்கி வந்து மாட்டினோம்.