நல்லெண்ணெய் எலும்பு வரைக்கும் எறங்குமா?

அம்மாவுக்கு 63 வயசு, ரெண்டு முழங்காலும் தேய்மானம். மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு மாடிப்படி மொத்தமே 14 தான், அதை ஏறி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவை நிப்பாங்க. போன தை மாசம் பக்கத்து வீட்டு அக்கா சொல்லி பாண்டிச்சேரில ஒரு ஆயுர்வேத சென்டருக்கு கூட்டிட்டுப் போனேன், கடலூர்லேர்ந்து ரொம்ப தூரமும் இல்ல, கன்னியக்கோயில், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டினா ஊரு வந்துரும். 7 நாள் பேக்கேஜ். மரக்கட்டில்ல படுக்க வெச்சு இளஞ்சூடா எண்ணெய் தேய்ச்சாங்க, அப்புறம் இலைய வதக்கி துணில முடிஞ்சு கிழி ஒத்தடம், அப்புறம் தலை மட்டும் வெளிய தெரியற மாதிரி பெட்டிக்குள்ள உக்கார வெச்சு நீராவி, ஆறாம் நாள் பேதிக்கு. திரும்பி வர்றப்போ பஸ்ல அம்மா கேட்டாங்க: "எண்ணெய் தோல் வழியா எறங்கி எலும்பு வரைக்கும் போயி, அங்க இருக்கற நச்சையெல்லாம் கரைச்சு வெளிய கொண்டாந்துடுமாம்டா, நெசந்தானா?"

நான் பார்மசி படிச்சவன். தோல் வழியா மருந்த எப்படி உள்ள அனுப்பறதுன்னு தனிப் பாடமே இருக்கு எங்களுக்கு. அதனால அம்மா கேட்டத அப்படியே விட மனசு வரல, உக்காந்து படிச்சேன், அதைத்தான் இங்க எழுதறேன்.

மொதல்ல தோல். நம்ம தோலோட மேல் அடுக்கு செத்த செல்லால ஆனது, செங்கல்லும் சுண்ணாம்பும் வெச்சு சுவர் கட்டின மாதிரி, செல்லுதான் செங்கல், நடுவுல கொழுப்புப் பூச்சு. உள்ளங்கை உள்ளங்கால விட்டா உடம்புல முக்கால்வாசி இடத்துல இந்தச் சுவரோட தடிமன் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ரெண்டு பங்கு கூட இருக்காது, தலைமுடிய விட மெலிசு. ஆனா காவல் பலம். பார்மசில 500 டால்டன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, மூலக்கூறோட எடை அதுக்கு மேல போச்சுன்னா தோலத் தாண்டி உள்ள போறது ரொம்பக் கஷ்டம். உடம்புல ஒட்டற பேட்ச் மருந்தெல்லாம் இதுக்குக் கீழ இருக்கறதுதான், நிக்கோடின் 162, அதனால சுலபமா போகுது. நல்லெண்ணெய்ல இருக்கற கொழுப்பு மூலக்கூறோட எடை ஏறக்குறைய 880. லேசர் மைக்ராஸ்கோப் வெச்சு வேற சில எண்ணெய்களப் பூசிப் பார்த்தப்போ, மேலாப்புல இருக்கற ஒண்ணு ரெண்டு செல் அடுக்கோட நின்னுட்டது தெரிஞ்சிருக்கு. எண்ணெய்ல காய்ச்சின மூலிகைல சில சின்ன மூலக்கூறு கொஞ்சம் உள்ள போகலாம், அது வேற. ஆனா எண்ணெய் எலும்பத் தொடல. அதுக்கு நடுவுல தோல் இருக்கு, கொழுப்பு இருக்கு, தசை இருக்கு, அது பூரா ரத்த ஓட்டம் இருக்கு.

அப்போ ஏழு நாளா அம்மா கண்ண மூடிக்கிட்டு 'நல்லாருக்குடா நல்லாருக்குடா'ன்னு சொன்னது? அது பொய்யில்ல. இங்கதான் எனக்கு விஷயமே பிடிச்சுப்போச்சு.

முடி வளர்ற தோல் எல்லாத்துலயும் சி-டேக்டைல்னு ஒரு வகை மெலிசான நரம்பு இருக்கு. ஒரு பொருளத் தொட்டா என்ன பொருள்னு மூளைக்குச் சொல்ற நரம்பு ரொம்ப வேகமானது, செகண்டுக்கு 50 மீட்டர் கிட்ட ஓடும். இந்த சி-டேக்டைல் செகண்டுக்கு ஒரு மீட்டர்தான், நடந்து போற வேகம். பூனைகிட்ட இதை 1939-லயே கண்டுபிடிச்சுட்டாங்க, மனுஷன்கிட்ட நல்லா தெரிஞ்சதெல்லாம் 1990-களுக்கு அப்புறம்தான். இதோட குணம் என்னன்னா கைய எவ்ளோ வேகத்துல இழுக்கறோங்கறத இது பார்க்கும். செகண்டுக்கு 1 செ.மீ.லேர்ந்து 10 செ.மீ. வரைக்கும், அதுலயும் 3 செ.மீ. பக்கத்துல வருடினா அதிகமா துடிக்கும், வேகமா தேய்ச்சாலும் குறையும், ரொம்ப மெதுவா போனாலும் குறையும். இதுல பெரிய ஆச்சரியம், ஆளுங்ககிட்ட எந்த வேகம் சுகமா இருக்குன்னு கேட்டு கோடு போட்டா அதுவும் இதே மாதிரி ஏறி இறங்குது. இந்த நரம்பு சேதி அனுப்பறது மூளைல உணர்ச்சிய கவனிக்கற பகுதிக்கு. தாய் குழந்தைய வருடற வேகமும் இதுதான்.

இப்ப எண்ணெயோட வேலை என்னன்னு பாருங்க. வெறுங்கையால ஒருத்தர் முதுக அரைமணி நேரம் தேய்ச்சா தோல் எரியும், கை சிக்கும். எண்ணெய் இருந்தா வழுக்கும், அழுத்தமும் குடுக்கலாம் மெதுவாவும் போகலாம், சூடும் சமமா பரவும். உள்ள போகாட்டியும் பரவால்ல, வெளிய இருந்துகிட்டே அது கைக்குப் பாதை போடுது. எண்ணெய் மசாஜ் பண்றவங்க அவ்ளோ எண்ணெய ஏன் ஊத்தறாங்கன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

வலிக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. முட்டி மேசைல இடிச்சா உடனே கையால தேய்ச்சுக்கறோம்ல, யாரும் சொல்லித் தர்றதில்ல. மெல்சாக்குன்னு ஒருத்தர், வால்னு ஒருத்தர், ரெண்டு பேரும் 1965-ல சொன்ன கதவுக் கோட்பாடு இதுதான், தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி இருக்கு, தொடுதல் சேதி நிறைய வந்தா வலி சேதி உள்ள போறது மட்டுப்படும். அவங்க போட்ட நரம்புப் படம் அப்படியே சரின்னு இப்ப யாரும் சொல்றதில்ல, ஆனா தொடுதல் வலிய அமுக்கும்ங்கறது நின்னுடுச்சு.

முழங்கால் தேய்மானத்துக்கே நேரா சோதனை பண்ணியிருக்காங்க. அமெரிக்காவுல 222 பேர், வாரம் ஒரு தடவை 60 நிமிஷம், 8 வாரம். சும்மா கைய வெச்சவங்கள விட மசாஜ் பண்ணிக்கிட்டவங்களுக்கு 8 வாரக் கடைசில வலியும் விறைப்பும் குறைஞ்சிருந்துச்சு, நடமாட்டமும் நல்லாருந்துச்சு. ஆனா வருஷக் கடைசில பார்த்தா குரூப்புக்கு குரூப் பெரிய வித்தியாசம் இல்ல. எனக்கு இது ரொம்ப நேர்மையான பதிலா படுது. தேய்ஞ்ச குருத்தெலும்புல ரத்தக்குழாயே கிடையாது, எந்தக் கையும் அதைத் திரும்ப வளர வைக்காது, ஆனா வலி குறைஞ்ச அந்த எட்டு வாரத்துல ஒரு மனுஷி நடந்தா தொடைத் தசை பலமாகும், முழங்காலுக்கு அதுதான் பெரிய மருந்து.

நீராவிப் பெட்டிக்கு வருவோம். வேர்வைல நச்சு கொட்டுதுன்னு எழுதி வெச்சிருந்தாங்க. வேர்வை 99 சதவீதம் தண்ணி, மிச்சம் பெரும்பாலும் உப்பு. ரத்தத்த சுத்தம் பண்றது கல்லீரலும் கிட்னியும், கிட்னி ஒரு நாளைக்கு 180 லிட்டர் வடிகட்டுது, அதுல ஒண்ணரை ரெண்டு லிட்டர் மட்டும் மூத்திரமா போகுது, மீதி எல்லாம் திரும்ப ரத்தத்துக்கே. இதுக்குப் பக்கத்துல வேர்வை நிக்கவே முடியாது. நீராவி செய்யற வேலை வேற, சூட்டுல தோல் பக்கத்து ரத்தக்குழாய் விரியுது, தசை தளருது. வெளிய வந்தப்புறம் விரிஞ்ச குழாய் வழியா உடம்போட உள்சூடு கை கால்ல இறங்கி வெளிய போகும், உள்சூடு இறங்கினா மூளை தூக்கத்துக்குத் தயாராகும். சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சு வெந்நீர் ஊத்திக் குளிச்சா கண்ணு சொக்குறதுக்கும் இது ஒரு காரணம். ரத்தக்குழாய் விரியுதுன்னா பிரஷரும் இறங்கும், அதனால ஏற்கனவே பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க சட்டுனு எழுந்தா தலை சுத்தி விழலாம். எங்க ஊர் மாதிரி கடல் பக்கத்து ஊர்ல இன்னும் சிக்கல், காத்துல ஏற்கனவே ஈரம், வேர்வை ஆவியாகாம சும்மா வழியும், சூடு குறையாது.

சுத்தம் பண்ற சமாசாரம் எண்ணெய்ல இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. தோல் மேல இருக்கற எண்ணெய்ப் பிசுக்கு, அதுல ஒட்டின அழுக்கு, இதெல்லாம் தண்ணில கரையாது எண்ணெய்ல கரையும். அப்புறம் சீயக்காயோ அரப்போ போட்டா அதுல இருக்கற சபோனின் ஒரு கையால எண்ணெயப் பிடிச்சுக்கும் இன்னொரு கையால தண்ணியப் பிடிச்சுக்கும், ரெண்டும் சேர்ந்து ஓடிடும். நம்ம பாட்டிங்க கண்ணு முன்னாடி நடந்த நிஜமான சுத்தம் அது, தோல் மேல நடக்கறது.

உள்ள பண்ற சுத்தம்னா பஞ்சகர்மா. வமனம்னா வாந்தி, விரேசனம்னா பேதி, வஸ்தின்னா ஆசனவாய் வழியா கஷாயம் எண்ணெய் ஏத்தறது, நசியம் மூக்கு வழியா, அஞ்சாவது ரத்தம் எடுக்கறது. பழைய ஆயுர்வேத நூல் எழுதின சரகர் வழில ரத்தம் எடுக்கறத கணக்குல சேர்க்காம வஸ்திய ரெண்டா பிரிப்பாங்க. எண்ணெய் தேய்க்கறதும் வேது பிடிக்கறதும் இந்த அஞ்சுல வராது, ரெண்டும் முன்வேலைதான், நாம ஆசைப்பட்டு போறது அந்த முன்வேலைக்கு. சித்த மருத்துவத்துலயும் பேதி, வாந்தி, நசியம் எல்லாம் உண்டு, தேய்க்கறதுக்கு தொக்கணம்னு பேரு, தட்டல் இறுக்கல் பிடித்தல்னு ஒன்பது வகை.

பேதில எனக்கு ரொம்பப் பிடிச்சது விளக்கெண்ணெய். ஆமணக்கு எண்ணெய்ல பத்துல ஒன்பது பங்கு ரிசினோலிக் அமிலம், அது கிளிசரினோட கட்டிக்கிடக்கும், குடல்ல என்சைம் வெட்டினப்புறம்தான் விடுதலையாகும். குடல் தசைல இபி3ன்னு ஒரு பூட்டு இருக்கு, இந்த அமிலம் அதுக்குச் சாவி, திறந்தா தசை சுருங்கும், அவ்ளோதான், ஓடணும். 2012-ல ஜெர்மனில இந்தப் பூட்டே இல்லாம பிறக்க வெச்ச எலிகளுக்கு விளக்கெண்ணெய் குடுத்துப் பார்த்தாங்க, பேதியே ஆகல. எத்தனையோ தலைமுறையா குழந்தைக்கு மூக்கப் பிடிச்சு ஊத்தின எண்ணெய் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சது நேத்துதான். அதே பூட்டு கர்ப்பப்பைலயும் இருக்கு, அதனாலதான் கர்ப்பிணிக்குக் குடுக்கக்கூடாது.

ஆனா பேதியானா குடல்ல வருஷக்கணக்கா ஒட்டின அழுக்கு வந்துடும்னு சொல்றது சரியில்ல. குடலோட உள்பூச்சு செல்லு சில நாளுக்கு ஒரு தடவை தானே உதிர்ந்து புதுசு வருது, ஒட்டிக்கிட்டு இருக்க அங்க பழைய சுவரே கிடையாது. ஏழு நாள்ல மூணு கிலோ இறங்குச்சுன்னு சந்தோஷப்படறாங்களே, அதுல பெரும்பங்கு தண்ணி, கூடவே உப்பும் பொட்டாசியமும் போகுது. வயசானவங்களுக்கு அது இதயத் துடிப்புல காட்டும்.

எனக்கு வயித்தெரிச்சல் ஒண்ணுதான். அந்த சென்டர்ல அம்மாகிட்ட ஏழு நாளைக்கு பிரஷர் மாத்திரைய நிறுத்துங்க, மருந்தும் நச்சுதான்னு சொல்லியிருக்காங்க. நாலாம் நாள்தான் எனக்குத் தெரிஞ்சுது, அன்னைக்கு ராத்திரி பார்த்தப்போ மேல் பிரஷர் 180. கை வைத்தியம் பண்றவங்க மேல எனக்கு நிஜமான மரியாதை இருக்கு, அதனாலதான் கோவமும் இவ்ளோ வருது. முறையா படிச்ச ஆயுர்வேத டாக்டர் இப்படிச் சொல்ல மாட்டார், நம்ம புதுச்சேரி யூனியன் பிரதேசத்துலயே மாஹேல ஆயுர்வேத மெடிக்கல் காலேஜ் இருக்கு, போறதுக்கு முன்னாடி டாக்டரோட பட்டம் என்னன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பில்ல. பேதிக்கு முன்வேலையா வெறும் வயித்துல நெய் குடிக்கச் சொன்னா, பித்தப்பைல கல்லு இருக்கறவங்க அதைக் குடிக்கறதுக்கு முன்னாடி சொல்லிடணும், கொழுப்பு உள்ள போனா பித்தப்பை சுருங்கும், கல்லு வழில மாட்டினா உயிர் போற வலி. ஒரு கால் மட்டும் வீங்கி சூடா வலிச்சா அதைத் தேய்க்கவே கூடாது, உள்ள ரத்தக்கட்டி இருக்கலாம். கைக்குழந்தைக்கு மூக்குல எண்ணெய் விடறத தயவுசெஞ்சு நிறுத்துங்க, எண்ணெய் நுரையீரலுக்குள்ள போயி நிமோனியா வந்த குழந்தைங்க நம்ம பக்கத்துலயே உண்டு.

வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுன்னு சொல்லுவாங்க, வாணியன்னா செக்குல எண்ணெய் ஆட்டறவர். இப்ப திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு செக்குல நல்லெண்ணெய் வாங்கி வெச்சிருக்கேன், நம்ம விருத்தாசலம் பக்கத்து எள்ளு. சனிக்கிழமை சாயங்காலம் மாத்திரை போட்டாச்சான்னு கேட்டுட்டு, எண்ணெய வெந்நீர்க் கிண்ணத்துல வெச்சு சூடு பண்ணி, என் மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டு ஆரம்பிப்பேன். முழங்கால்லேர்ந்து கணுக்கால் வரைக்கும் ஒரு இழுப்புக்கு மனசுக்குள்ள பன்னெண்டு எண்ணுவேன். பாதத்த மட்டும் கடைசில, கட்டில்ல உக்கார வெச்சே தேய்ச்சு, துண்டால ரெண்டு தடவை அழுத்தித் தொடச்சுட்டு, பாத்ரூம் வரைக்கும் கோணி போட்டுட்டுத்தான் எறங்க விடறேன், வழுக்கி விழுந்தா இடுப்பெலும்பு போயிரும்.